கல்கத்தா பாதி, மெட்ராஸ் பாதி: நான் செய்த ரேடியோ

பிள்ளைகளா, உங்கள் அப்பாவுக்கு ரேடியோ செய்யத் தெரியாது. இந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொண்டால் எனக்குக் கைவலி மிச்சம். ஆனால் உங்கள் அம்மா ஒரு விதமாகவும் செல்லையா அண்ணாச்சி இன்னொரு விதமாகவும் இந்தக் கதையைச் சொல்லிச் சொல்லி, இப்போது நான் ரங்கூனுக்கே கம்பி இழுக்கப் பார்த்தவன் என்கிற அளவுக்கு வந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதிவைக்கிறேன். என்னைக் கேவலமாகக் காட்டும் இடங்களையும் விடவில்லை. (அவற்றை விட்டால் கதையில் ஒன்றும் மிஞ்சாது.)

எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. மூத்தவள் அப்போது வயிற்றில்தான் இருந்தாள். போர்ட் பிளேயரில் மரமில்லுக்குச் சொந்தமான லைன் வீட்டில் குடியிருந்தோம். மில்லில் எனக்கு ரம்பப் பல் தீட்டும் வேலை. எட்டாவது வரை படித்தவன். அந்தக் காலத்தில் எட்டாவது படித்தவனுக்கு உலகத்தில் புரியாத விஷயம் இல்லை என்று ஒரு நினைப்பு உண்டு. எனக்கு அது கொஞ்சம் அதிகமாகவே இருந்தது.

ஆகஸ்டு மாதக் கப்பலில் உங்கள் ஞானம் மாமாவிடமிருந்து அம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. தூத்துக்குடிப் பக்கத்தில் அவர்கள் ஊர் மாதா கோயில் பாட்டுக் குழுவைத் திருச்சி ரேடியோவில் பாடக் கூப்பிட்டிருக்கிறார்களாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆறரை மணிக்கு ஒலிபரப்பு. மூன்று சரணமுள்ள பாட்டு. அதில் மூன்றாவது சரணத்தில் இரண்டு வரி மட்டும் ஞானம் தனியாகப் பாடுகிறான்.

உங்கள் அம்மா அந்தக் கடிதத்தை நாலு தடவை படித்தாள். பிறகு மடித்துக்கொண்டே சொன்னாள்:

"நான் கப்பல் ஏறும்போது அவனுக்குப் பதிமூணு வயசு. கீச்சுக் குரல்ல அழுதான். இப்பம் தொண்ட உடைஞ்சிருக்கும். எப்படிப் பேசுதானோ, எனக்குத் தெரியாது பாத்துக்கிடுங்க."

 ஊருக்குப் போய்வர எங்களுக்கு அப்போது வசதி இல்லை, லீவும் இல்லை. தம்பியின் புதுக் குரலைக் கேட்க அவளுக்கு இருந்த வழி அந்த இரண்டு வரிதான்.

நான் நியாயமாக என்ன செய்திருக்க வேண்டும்? லைனுக்கு மேலே மேட்டில் ஓவர்சியர் நாயர் வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் கரண்டும் ரேடியோவும் உள்ள ஒரே வீடு. விஷயம் கேள்விப்பட்டு அவராகவே என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்:

"செலினை அன்னைக்கு இங்கே அனுப்பி விடு, அந்தோணி. ஏரியல் உயரத்தில் கட்டியிருக்கு. திருச்சி நல்லா கிட்டும்."

நல்ல மனுஷன், நல்ல எண்ணத்தோடு சொன்னது. ஆனால் எனக்கு உடனே மீசை துடித்தது. (மீசை சரியாக முளைக்காத வயது என்பது வேறு விஷயம்.) என் பெண்டாட்டி இன்னொருவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்து தம்பி பாட்டைக் கேட்பதா?

"வேண்டாம் சார், நம்ம வீட்லயே ரேடியோ இருக்கும்" என்று சொல்லிவிட்டேன்.

"வாங்குறியா?"

"செய்யுதேன் சார்."

அவர் என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு "ஆகட்டும்" என்றார். அந்த "ஆகட்டும்" இன்னும் என் காதில் இருக்கிறது.

எங்கள் ஊர் அபர்டீன் பஜாரில் பழைய புத்தகம் விற்பவனிடம் ஒரு சின்னப் புத்தகம் கிடைத்தது. ஆறு டிரான்சிஸ்டர் ரேடியோவை டார்ச் பேட்டரியில் ஓடுகிற மாதிரி வீட்டிலேயே செய்வது எப்படி என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். நடுப்பக்கத்தில் நாற்பத்தொரு சாமான்களின் பட்டியல், இங்கிலீஷ் பெயரோடு. கடையில் ரெடிமேட் செட்டு வாங்கும் விலையில் மூன்றில் ஒரு பங்குதான் ஆகும் போலத் தெரிந்தது.

இனி நான் செய்த வேலைகளை வரிசையாகச் சொல்கிறேன். முதலில் தபாலாபீசுக்குப் போய் ரேடியோ லைசென்ஸ் எடுத்தேன். அப்போதெல்லாம் வீட்டில் ரேடியோ வைக்க லைசென்ஸ் வேண்டும். சட்டத்துக்குப் பயந்தவன் என்பதால் அதை முதலில் முடித்துவிட்டேன். ஜன்னலுக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா "எந்த மேக், எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். "இன்னும் செய்யல" என்றேன். அவர் அந்த இடத்தில் ஒரு கோடு போட்டார்.

அடுத்து பெட்டி. மில்லில் படாக் மரத் துண்டுகள் கழிவில் கிடைக்கும். தேக்குக்கு அண்ணன் மாதிரி சிவந்த மரம், இரும்புக் கனம். ரேடியோ உள்ளே எவ்வளவு பெரிதாக இருக்கும் என்று தெரியாததால், நாயர் வீட்டு ரேடியோவை மனதில் வைத்து, அதைவிட எல்லாப் பக்கமும் ஒரு சாண் கூட்டிச் செய்தேன். வார்னிஷ் அடித்துக் கூடத்தில் வைத்தபோது உங்கள் அம்மா சுற்றி வந்து பார்த்தாள்.

"உள்ள யாரு குடியிருக்கப் போறா?" என்றாள்.

சாமானுக்குக் கடல் தாண்டி மெயின்லேண்டைத்தான் நம்ப வேண்டும். இங்கேதான் உங்களுக்கு அந்தக் கால வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். மெயின்லேண்டுக்குக் கப்பல் டிக்கெட் எடுத்தவன் அன்றிலிருந்து மனுஷன் இல்லை, கடைப் பட்டியல். அதுவரை முகம் பார்த்துச் சிரிக்காதவர்கள்கூட "ஊருக்குப் போறீங்களாமே" என்று சீட்டோடு வந்து நிற்பார்கள். ஆறு மாதக் குழந்தைக்குச் சட்டை, தையல் மெஷினுக்கு ஊசி, மூக்குக்கண்ணாடிக்குக் காது, எல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும். போனவர் திரும்ப ஒன்றரை மாதம், இரண்டு மாதம் ஆகும். அவர் கொண்டு வந்தது தப்பான சாமானாக இருந்தால்? திருப்பி அனுப்புகிற பேச்சே கிடையாது. எட்டாம் நம்பர் காலுக்கு ஏழாம் நம்பர் செருப்பு வந்தால் குதிகாலை வெளியே விட்டு நடப்போம். அளவு மாறி வந்த தாழ்ப்பாளுக்காகக் கதவைச் செதுக்குவோம். தீவில் இருந்தவர்களுக்கு எதையும் எதோடும் பொருத்தி வாழத் தெரியும், அதில் எங்களுக்குப் பெருமையும் உண்டு. என் நாசத்துக்குக் காரணம் இந்தப் பெருமைதான்.

செப்டம்பர் மாதம் இரண்டு பேர் கிளம்பினார்கள். பக்கத்து வீட்டு வங்காளி பிஸ்வாஸ் தாதா கல்கத்தாவுக்கு. (அவர்கள் பாஷையில் தாதா என்றால் அண்ணன்.) ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் ஒருவர் மெட்ராஸுக்கு. ஸ்பீக்கர் வகையறா கல்கத்தாவில் மலிவு, மற்றதெல்லாம் மெட்ராஸில் மலிவு என்று மில்லில் ஒருவன் சொன்னான். (அவன் இரண்டு ஊரையும் பார்த்ததில்லை என்று பிறகு தெரிந்தது.) ஒரே ஆள் தலையில் நாற்பத்தொரு சாமானையும் கட்டுவதும் பாவமாகத் தோன்றியது. அதனால் பட்டியலை நடுவில் மடித்துக் கிழித்தேன். மேல் பாதி கம்பவுண்டருக்கு, கீழ்ப் பாதி பிஸ்வாஸ் தாதாவுக்கு.

'டிரான்சிஸ்டர் ரேடியோ' என்கிற தலைப்பு மேல் பாதியில் இருந்தது என்பதை நான் யோசிக்கவில்லை.

இரண்டு பேரும் நவம்பரில் ஒரு வார இடைவெளியில் திரும்பினார்கள். கம்பவுண்டர் கொடுத்தது ஒரு தீப்பெட்டி அளவுப் பொட்டலம். உள்ளே பொடிச் சாமான்களோடு டிரான்சிஸ்டர்கள், சுண்டுவிரல் நகம் அளவு. பிஸ்வாஸ் தாதா கொண்டு வந்ததை இறக்க இரண்டு ஆள் தேவைப்பட்டது. கழுத்துவரை வைக்கோல் திணித்த மரப்பெட்டி. அதற்குள் சோற்றுத் தட்டு அகலத்தில் ஒரு ஸ்பீக்கர், செங்கல் மாதிரி ஒரு டிரான்ஸ்பார்மர், இன்னும் என்னென்னவோ. எல்லாவற்றுக்கும் மேலே துணியில் சுற்றி, பல்பு மாதிரி நாலு கண்ணாடி வால்வு, கரண்டில் ஓடும் பெரிய ரேடியோவுக்குப் போடுவது.

"கடைக்காரன் கேட்டான், வால்வ் செட்டா, சோட்டா செட்டா?" என்றார் தாதா, பாதி ஹிந்தியும் பாதி தமிழுமாக. "நான் சொன்னேன், அந்தோணி பாய் சோட்டா காம், சின்ன வேலை செய்ய மாட்டான். படா செட். வால்வ் உன் லிஸ்ட்ல இல்ல, நான் என் காசுல வாங்கினது. உன் பச்சாவுக்கு, வரப்போற குழந்தைக்கு, என் கிஃப்ட்."

அவர் அதை நாலு நாள் கப்பலில் மடியில் வைத்துக்கொண்டு வந்திருந்தார். ஒன்றும் உடையவில்லை. நான் என்ன சொல்ல முடியும்? "பஹுத் அச்சா, ரொம்ப நல்லது, தாதா" என்றேன்.

எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு அபர்டீன் பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் கரீம் மிஸ்திரியிடம் போனேன். அவர் மலபாரிலிருந்து வந்து குடியேறிய குடும்பம், நாலு பாஷையும் கலந்து பேசுவார். சாமானை மேஜையில் பரப்பிப் பார்த்துவிட்டு பீடியை அணைத்தார்.

"இது யார் கல்யாணம், பாய்?"

"ஏன் பாய்?"

"பொண்ணு ஒரு ஊர், மாப்பிள்ள ஒரு ஊர். அது சரி. ஆனா பொண்ணு எறும்பு, மாப்பிள்ள ஆனை." ஸ்பீக்கரைத் தட்டினார். "இதை இழுக்கக் கரண்ட் வேணும். உன் டிரான்சிஸ்டர் டார்ச் பேட்டரியில ஓடுறது. எறும்பு போய் ஆனையைத் தள்ளுமா? இந்தக் கம்பிச்சுருள் காயிலும் வேற. இது வால்வுக்குப் போட்டது. எந்த ஸ்டேஷன் பிடிக்கும்னு அல்லாவுக்குத்தான் தெரியும்."

"கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணினா?"

"கியா அட்ஜஸ்ட், என்ன அட்ஜஸ்ட்? செருப்பா இது?"

அவர் என் புத்தகத்தை வாங்கி கடைசிப் பக்கத்தைத் திருப்பி விரலால் காட்டினார். சாமான்கள் அனைத்தையும் ஒரே கடையில், ஒரே செட்டாக வாங்கவும் என்று கட்டம் கட்டிப் போட்டிருந்தது. நான் பட்டியல் இருந்த நடுப்பக்கம் வரைதான் படித்திருந்தேன்.

"ரெண்டு மாசம் பொறு. அடுத்த கப்பலுக்கு நான் எழுதிக் கேக்கறேன். சின்ன ஸ்பீக்கர், சரியான காயில் வரட்டும்" என்றார்.

கிறிஸ்துமஸுக்கு ஐந்து வாரம்தான் இருந்தது. பெண்டாட்டிக்கு வாக்குக் கொடுத்தாயிற்று, நாயருக்கு வாய் கொடுத்தாயிற்று, சர்க்காருக்கு லைசென்ஸ் பணமும் கொடுத்தாயிற்று. நான் சாமானை அள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, தாழ்ப்பாளுக்குக் கதவைச் செதுக்குகிற அதே தைரியத்தோடு வேலையைத் தொடங்கினேன்.

அந்த ஐந்து வாரத்தைப் பற்றி எழுத இப்போதும் எனக்கு அலுப்பாக இருக்கிறது. மில்லிலிருந்து வந்ததும் கரியடுப்பை மூட்டி, ஈயம் உருக்கிப் பற்றவைக்கும் இரும்பைச் சுட வைப்பேன். டிரான்சிஸ்டரின் ஒரு காலைப் பற்றவைத்தால் இன்னொரு கால் கழன்றுவிடும். சூடு தாங்காமல் இரண்டு டிரான்சிஸ்டர் போய்விட்டது. கரீம் மிஸ்திரி பழைய செட்டிலிருந்து கழற்றிய இரண்டை இரக்கப்பட்டுக் கொடுத்தார். "இது வேற ஜாதி. உன்னோடது பிளஸ் சாப்பிடும், இது மைனஸ் சாப்பிடும். பார்த்துப் போடு" என்றார். பார்த்துத்தான் போட்டேன். பார்த்ததால் ஒன்றும் பிரயோஜனம் இல்லை. வாசல் தென்னையில் ஏரியல் கட்ட ஏறி முழங்காலைச் சிராய்த்துக்கொண்டேன். அடுப்பு முழுநேரமும் எனக்கே வேண்டியிருந்ததால் உங்கள் அம்மா பிஸ்வாஸ் வீட்டு அடுப்பில் சோறு வடித்து எடுத்துவந்தாள். ஒரு நாளும் முகம் சுளிக்கவில்லை. ஆனால் தினமும் ஒரு தடவை கேட்பாள்:

"இப்பமே சொல்லிருங்க. வருமா, வராதா?"

"வந்துகிட்டே இருக்கு" என்பேன்.

அந்த நாளும் வந்தது. டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கே இருட்டிவிடும் அல்லவா, ஆறு மணிக்கு லைன் முழுக்க அரிக்கேன் விளக்கோடு எங்கள் வீட்டில் இருந்தது. நான் யாரையும் கூப்பிடவில்லை. தாதா கூப்பிட்டிருந்தார். தான் வாங்கிவந்த ஸ்பீக்கர் பேசப்போவதை ஊர் பார்க்க வேண்டாமா? அவரும் அவர் மனைவியும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். பர்மாவிலிருந்து அகதியாக வந்து குடியேறிய செல்லையா அண்ணாச்சி பெட்டியின் ஓரமாக இடம் பிடித்தார். உங்கள் அம்மா கோயிலுக்குப் போகும் சேலை கட்டி, கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வயிற்றில் ஐந்து மாதம்.

ஆறே காலுக்குப் பேட்டரியைப் பொருத்தினேன். ஒன்றும் இல்லை. ஒரு கம்பியை மாற்றிப் பற்றவைத்தேன். பெட்டிக்குள்ளிருந்து சீட்டி மாதிரி ஒரு சத்தம். கூட்டம் நிமிர்ந்தது. குமிழைத் திருகத் திருக சீட்டி ஏறி இறங்கியது. திடீரென்று அது நின்று, யாரோ பேசுவது போல இருந்தது. ஆனால் அந்தப் பெரிய ஸ்பீக்கரிலிருந்து வந்த சத்தம் கொசு பேசுவதைவிடக் குறைவு.

செல்லையா அண்ணாச்சி ஸ்பீக்கரில் காதை ஒட்டினார். 

"பொம்பள குரல்" என்றார்.

"திருச்சியா அண்ணாச்சி?" என்றேன்.

கையைக் காட்டிப் பொறுக்கச் சொன்னார். முகம் மலர்ந்தது. "ரங்கூன்" என்றார். "பர்மா பாஷை. ஆத்தாடி, எத்தன வருசமாச்சு கேட்டு."

"என்ன சொல்றா?" என்று கேட்டார் தாதா.

"அரிசி வெல சொல்லுறா."

எங்கள் தீவுக்கு மெட்ராஸைவிட ரங்கூன் பக்கம் என்பது எனக்கு அன்றுதான் மனதில் உறைத்தது. நான் குமிழைத் திருகினேன். ரங்கூன் நகரவில்லை. குமிழின் கடைசிவரை ரங்கூன்தான் இருந்தது. அண்ணாச்சி ஒவ்வொரு ஊராக அரிசி நிலவரத்தைத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். போன வருஷத்தைவிட ஏறிவிட்டதாம். பின்னால் யாரோ "அடப்பாவமே" என்றார்கள்.

கடிகாரத்தில் ஆறு இருபத்தைந்து. வெங்காயம் கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. பிளஸ் சாப்பிடுவதும் மைனஸ் சாப்பிடுவதும் உள்ளே சண்டை போட்டிருக்க வேண்டும்.

உங்கள் அம்மா சுவரைப் பிடித்து எழுந்தாள். கோபமாக ஒன்றும் இல்லை. களைத்த முகம்தான்.

"நீங்க செஞ்சிகிட்டு இருங்க" என்றாள். "நான் போயிக் கேட்டுட்டு வாரேன்."

அரிக்கேனை எடுத்துக்கொண்டு மேட்டுப் பாதையில் நாயர் வீட்டைப் பார்த்து நடந்தாள். அவள் பின்னால் தாதாவின் மனைவி போனாள், வழியில் தடுக்கி விழுந்துவிடக்கூடாதே என்று. அப்புறம் ஒவ்வொருவராக, விளக்கு விளக்காக, எல்லோரும் போனார்கள். தாதா கடைசியாக எழுந்து என் தோளைத் தொட்டார்.

"ஸ்பீக்கர் அச்சா ஹை, பாய்" என்றார். பிறகு அவரும் போனார். அண்ணாச்சி மட்டும் காதை எடுக்கவில்லை.

நான் இரண்டு நிமிஷம் உட்கார்ந்திருப்பேன். பிறகு எனக்கும் தாங்கவில்லை. வாசல் வழியாகப் போக வெட்கம். அதனால் பின்பக்கமாக மேட்டில் ஏறி, நாயர் வீட்டு வேலிக்கு வெளியே, ஜன்னலுக்கு நேராக இருட்டில் போய் நின்றேன். பாட்டு நடந்துகொண்டிருந்தது. உள்ளே அவ்வளவு பேர் இருந்தும் ஒரு இருமல் இல்லை. முதல் சரணம் தெளிவாகக் கேட்டது. இரண்டாவது சரணமும் கேட்டது. ஜன்னலில் உங்கள் அம்மாவின் பின்தலை தெரிந்தது, ரேடியோவுக்கு வெகு பக்கத்தில். மூன்றாவது சரணத்தில் எல்லாக் குரலும் நின்று ஒரு குரல் மட்டும் ஆரம்பித்தது. நன்றாகக் கேட்கலாமே என்று நான் வேலிமேல் சாய்ந்தேன்.

அப்போதுதான் என் கையில் இன்னும் அந்தப் பற்றவைக்கும் இரும்பு இருப்பதைக் கவனித்தேன். நாயர் வீட்டு நாயும் அதே நேரத்தில் கவனித்தது.

வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அது குரைத்த குரைப்பை நான் எங்கும் கேட்டதில்லை. ஓடினால் இன்னும் குரைக்கும், நின்றாலும் குரைக்கிறது. "ச்சூ, ச்சூ" என்று இரும்பை ஆட்டினேன். அதற்குப் பிறகு அது மூச்சுவிடாமல் குரைத்தது. பாட்டை விட்டு எழுந்து வந்து நாயை அடக்க உள்ளே ஒருவருக்கும் மனம் வரவில்லை. நாயர் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். நாயும் கூட்டியது. அது ஓய்ந்தபோது உள்ளே முழுக் குழுவும் சேர்ந்து பாட்டை முடித்துக்கொண்டிருந்தது.

திரும்பி வரும்போது உங்கள் அம்மா பாதை முனையில் எனக்காக நின்றாள். நான் வந்ததை அவளிடம் யாரும் சொல்லவில்லை. விளக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

"கையில என்னது?"

"இரும்பு."

"சரி" என்றாள். 

நடந்துகொண்டே நான்தான் கேட்டேன். "தம்பி குரல் எப்படி இருந்துச்சு?"

"மொத வரி கேட்டுச்சு. அப்படியே எங்க அப்பா குரலு" என்றாள். நாலு அடி நடந்த பிறகு, "ரெண்டாவது வரிய நாய் பாடிட்டுது" என்றாள்.

அவள் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று பார்க்க விளக்கு என் பக்கம் இல்லை. இன்றுவரை நான் கேட்கவும் இல்லை.

மூத்தவள் ஞானஸ்நானத்துக்கு ஞானம் மாமா கப்பலேறி வந்தபோது, வந்த அன்றே ஆசையாகக் கேட்டான், "என் பாட்டு எப்படியிருந்துச்சுக்கா?" என்று. அவள் ஒன்றையும் மறைக்காமல் சொன்னாள். அவனும் ஊருக்குப் போய் ஒன்றையும் மறைக்கவில்லை. இப்படித்தான் கதை கடலின் இரண்டு கரையிலும் பரவியது.

இப்போது ஒவ்வொரு வருஷமும் நம் கோயிலில் அந்தப் பாட்டைப் பாடும்போது, மூன்றாவது சரணம் நெருங்கினால் நம் குடும்பம் உட்கார்ந்திருக்கும் பெஞ்சு மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறது. தோள்கள் குலுங்குகின்றன. புதுப் பங்குச் சாமியார் அதைப் பார்த்துவிட்டு, நல்ல பக்தியுள்ள குடும்பம், அந்த இடத்தில் அழுகிறார்கள் என்று யாரிடமோ சொன்னாராம். நான் மட்டும் நிமிர்ந்து நின்று, அந்த இரண்டாவது வரியைக் கோயிலில் எல்லோரையும் விடச் சத்தமாகப் பாடுகிறேன். எனக்குப் பாட வராது என்று உங்களுக்குத் தெரியும். ஆனாலும் உங்கள் அம்மா காதில் வருஷத்துக்கு ஒரு தடவையாவது அந்த வரி முழுசாக விழட்டும்.

போன கிறிஸ்துமஸில் அதுவும் நடக்கவில்லை. சரியாக அந்த இடத்தில் நம் சின்னவன் மெல்லக் குரைத்தான். அவன் தலையில் குட்டியது நான். முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு பெஞ்சைவிட்டு எழுந்து வெளியே ஓடியது உங்கள் அம்மா.